மூன்று கோளாறு, ஒரே புகார்: தங்கச்சிமடத்தில் ஒரு மிடி கீபோர்டு

புகார் ஒரே வரியில் வந்தது. "கம்ப்யூட்டர்ல சொருகுனா கீபோர்டு கெட்டுப்போகுது தம்பி. கழட்டிட்டா சரியாயிருது."

சொன்னவர், வாசிக்கிற பெண்ணின் அப்பா. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், கடற்கரையை ஒட்டிய தெரு, விசைப்படகுத் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நின்றது, அவர் வீட்டில் இருந்தார். தள்ளிப்போட்டு வந்த வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கீபோர்டும் அந்த வரிசையில் வந்தது.

பெண் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறாள். கையில் இருப்பது 61 கீ கொண்ட பழைய கீபோர்டு. இடது கையில் கார்டு (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) பிடித்தால் தாளம் தானாக ஓடும் வகை. முதுகுப் பக்கம் யூஎஸ்பி சாக்கெட் ஒன்று, ஐந்து முள் வட்ட மிடி சாக்கெட் இரண்டு. கம்ப்யூட்டர் அண்ணனுக்காக வாங்கிய டெஸ்க்டாப்: 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. சத்தத்துக்கு ஹாலில் உள்ள ஹோம் தியேட்டர். அவளுக்குத் தேவையானவை பெரிய விஷயங்கள் இல்லை. கீபோர்டில் இல்லாத நல்ல பியானோ ஒலி ஒன்று கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். திருவிழா நவநாளுக்குப் பின்னணி இசையைப் பதிவு செய்ய வேண்டும். குழு எந்தக் கட்டையில் (சுருதியில்) பாடினாலும் அந்தக் கட்டைக்கு மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

ஏற்கெனவே ஒரு கடையில் கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்குங்கள் என்று பதில். முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் பதில் அது. கோளாறு என்னவென்று பார்க்காமலே சொன்னதும்கூட.

பிரித்துப் பார்த்தது

விசாரித்ததில் புகார் ஒன்று இல்லை, மூன்று. கீயை அழுத்தினால் சத்தம் பிந்தி வருகிறது. ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் ஓயாமல் கேட்கிறது. சில சுரங்கள் மட்டும், மெதுவாகத் தொட்டாலும் கத்துகின்றன. மூன்றும் கம்ப்யூட்டரை இணைத்த பிறகு தெரிந்ததால், மூன்றுக்கும் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தில் மிடி என்றால் என்ன என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தே ஆக வேண்டும். அந்த வயரில் ஒலி போவதில்லை. 'இந்த எண்ணுள்ள கீயை இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள்', 'விட்டுவிட்டார்கள்' என்ற செய்தி மட்டும் போகிறது. நடு ஸ்தாயி ஸி என்றால் எண் 60. அழுத்திய வேகம் 1 முதல் 127 வரை. அந்த எண்ணைப் பார்த்துப் பியானோவா வீணையா என்று ஒலியை உண்டாக்குவது மறுமுனையில் உள்ள கம்ப்யூட்டரின் வேலை. எனவே கோளாறு செய்தியில் இருக்கலாம், ஒலியில் இருக்கலாம், அல்லது இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் கரண்டில் இருக்கலாம். இதைப் பிரிக்காமல் எதைத் தொட்டாலும் வீண் வேலை.

ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்தோம். அது ஒலி எதுவும் எழுப்பாது. வருகிற செய்திகளை எண்ணாகத் திரையில் வரிசையாகக் காட்டும். "ஒவ்வொரு கீயா, ஒரே அழுத்தத்துல, மெதுவா போம்மா" என்றேன். கீழிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனாள். விரல் பட்ட கணத்தில் எண் வந்தது, செய்தி பிந்தவில்லை. வேகம் பெரும்பாலும் 40, 50 என்று வந்தது. மேல் ஸ்தாயியில் மட்டும் சில கீகள் தொட்ட மாத்திரத்தில் 127 காட்டின.

பாதி வேலை அங்கேயே முடிந்தது என்பேன். தாமதம் செய்தியில் இல்லை. அது ஒலி உண்டாகும் பக்கம். கத்தல் ஒலியில் இல்லை. கீபோர்டே அந்த எண்ணைத்தான் அனுப்புகிறது, கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்கிறது. மிச்சம் இரைச்சல்.

(செய்பவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் 10-இல் ஒரு மிடி வயரைப் பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். மிடி-ஆக்ஸை மூடாமல் அடுத்த மென்பொருளைத் திறந்தால் கீபோர்டே தெரியவில்லை என்று காட்டும். பயந்துவிடக் கூடாது.)

தாமதம்

அவள் முதலில் ஹோம் தியேட்டரை ப்ளூடூத்தில் இணைத்திருந்தாள். பாட்டுக் கேட்க அது போதும். வாசிக்க ஆகாது. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் விரித்து ஒலிப்பதற்குள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை சாதாரணமாகப் போய்விடும். அதை அவளே ஒருவாறு ஊகித்து, ப்ளூடூத்தை விட்டு வயர் போட்டிருந்தாள். தாமதம் குறைந்தது, போகவில்லை. போதாக்குறைக்கு, வயர் போட்ட அன்றிலிருந்துதான் இரைச்சல் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மிச்சத் தாமதத்துக்குக் காரணம் விண்டோஸோடு சேர்ந்து வரும் மிடி ஒலிக்கருவி. மிடி கோப்பை ஓட்டிக் கேட்பதற்கு வைத்தது அது. விரலுக்கு உடனே பதில் சொல்லும் வேலைக்கு ஏற்றதல்ல. அதை விட்டுவிட்டு ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளைப் போட்டோம். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதற்குள் சவுண்ட்ஃபான்ட், அதாவது வாத்திய ஒலிகளின் தொகுப்புக் கோப்பு, ஓட்டும் இலவசக் கருவி ஒன்று. ஒலிகளுக்கு ஃப்ளூயிட் ஆர்3 என்ற சுமார் 140 எம்பி கோப்பு. பழைய கம்ப்யூட்டருக்கு இது பாரமே இல்லை. ஒலி வெளியே போகும் வழியை ஏசியோ ஃபார் ஆல் என்ற டிரைவருக்கு (ஒலியை வெளியே அனுப்பும் சிறு மென்பொருளுக்கு) மாற்றினோம்.

டிரைவர் அமைப்பில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அனுப்பாமல் தொகுதி தொகுதியாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தத் தொகுதியின் அளவுதான் இது. விநாடிக்கு 44,100 ஒலித் துளி (சாம்பிள்) என்ற கணக்கில், பஃபர் 1024 என்றால் ஒரு தொகுதிக்கு 23 மில்லி விநாடி. 256 என்றால் 5.8. 128 என்றால் 2.9. சின்னதாக வைத்தால் நல்லதுதானே என்று 128-இல் வைத்தோம். பொரிகிற மாதிரி சத்தம் வந்தது. ஒரு தொகுதி தீர்வதற்குள் அடுத்ததைத் தயார் செய்ய அந்தப் பழைய செயலியால் முடியவில்லை. 256-இல் வைத்ததும் அந்தச் சத்தம் நின்றது.

5.8 மில்லி விநாடி எவ்வளவு? நம் பக்கத்து வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் வருகிற தாமதம் அது. டிரைவரின் மற்ற வேலைகள் இன்னும் கொஞ்சம் கூட்டும். கோவிலில் பாடகர் குழுவின் கடைசி வரிசைக்கும் கீபோர்டுக்கும் உள்ள தூரத்தை அவள் ஒருநாளும் தாமதம் என்று நினைத்ததில்லை.

காது ஏமாற்றும் என்பதால் ஒரு சோதனை. செல்போனை கீயின் அருகில் வைத்துப் பதிவு செய்தால், விரல் கீயில் விழும் 'டக்'கும் ஸ்பீக்கர் ஒலியும் இரண்டுமே பதியும். அந்தப் பதிவை, ஒலியைத் திரையில் அலையாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இழுத்து அளந்தால் தாமதம் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்தோம். முன்பு திரையில் பளிச்சென்று தெரிந்த வெற்றிடத்தைப் பின்பு உருப்பெருக்கித்தான் தேட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இங்கே சேர்ந்து குழப்பியது. கீபோர்டு தன் ஒலியையும் எழுப்பிக்கொண்டிருந்தது. அதே சுரம் கீபோர்டிலிருந்து உடனே, கம்ப்யூட்டரிலிருந்து பிந்தி. இரட்டைச் சத்தம். கீபோர்டின் மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்று இருப்பதை ஆஃப் செய்தால் கீபோர்டு வாய் மூடிக்கொண்டு செய்தி மட்டும் அனுப்பும். கோவிலுக்கு எடுத்துப் போகும்போது மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பூசை தொடங்கும் நேரத்தில் கீபோர்டு செத்துப்போனதுபோல் இருக்கும்.

இரைச்சலும் ஷாக்கும்

இந்த வீட்டில் எனக்கு அதிகம் பிடித்த கோளாறு இதுதான். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று பிறந்த கதை.

வயர்களை ஒரு தாளில் வரைந்தேன். கீபோர்டிலிருந்து ஹோம் தியேட்டருக்கு ஒலி வயர். தாளத்தோடு பழகுவதற்காக அது எப்போதும் இருப்பது. கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி. ப்ளூடூத்தை விட்ட பிறகு, கம்ப்யூட்டரிலிருந்து ஹோம் தியேட்டருக்கு இன்னொரு ஒலி வயர். மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். ஒவ்வொரு வயருக்குள்ளும் கிரவுண்ட் இழை ஒன்று உண்டு. ப்ளூடூத் இருந்தவரை வளையத்தில் ஒரு பக்கம் காற்று, அதனால் மூடவில்லை. வயர் போட்டதும் மூடிக்கொண்டது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் சில்லறைக் கரண்டெல்லாம் அந்தக் கிரவுண்ட் இழை வழியே சுற்றி, ஒலியோடு கலந்து ஸ்பீக்கரில் வந்தது. அடையாளம் எளிது: மவுஸை நகர்த்தினால் இரைச்சலின் சுருதி மாறும். இங்கே மாறியது. மூன்று வயரில் எதைப் பிடுங்கினாலும் அடங்கியது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னாள்: "அண்ணே, சிபியூவைத் தொட்டா சுருக்குன்னு இருக்கும். நாங்க செருப்புப் போட்டுத்தான் தொடுவோம்."

டெஸ்டரை கேபினட்டில் வைத்தேன். எரிந்தது. டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையில், வெளியே போகும் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறு கபாசிட்டர்கள் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உட்கார்ந்து, நடுப்புள்ளியில் கேபினட்டோடு இணைந்திருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் 230 வோல்ட்டில் பாதியில், சுமார் 115-இல், மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, உடனே ஆளை எதுவும் செய்யாது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு உள்ளே ஒரு வயர் நிஜமாகவே அறுந்து கேபினட்டில் பட்டால், உயிருக்கே ஆபத்து. கீபோர்டை அப்படியே விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னேன்.

அவர் பார்த்ததில் மூன்று முள் பிளக்கில் எர்த் வயர் இருந்தது. மீட்டர் போர்டு பக்கத்தில், எர்த் பைப்பின் தலையில் வயரை முறுக்கிய இடம் பச்சைக் களிம்பாகிப் பொடியாக உதிர்ந்தது. பைப்பும் துரு. தீவில் எந்த இரும்புக்கும் செம்புக்கும் நடப்பதுதான். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தோடு ஒரு நூற்றாண்டு மல்லுக்கட்டிய அதே உப்பு. புதுப் பைப் இறக்கி, இணைப்பை முறுக்காமல் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். ஷாக் நின்றது. டெஸ்டர் அணைந்தது. இரைச்சல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. வளையம் இன்னும் மூடித்தானே இருக்கிறது.

வளையத்தை உடைக்க ஐந்து முள் சாக்கெட்டுக்குத் திரும்பினோம். 1983-இல் மிடி வந்தபோதே அதை வடிவமைத்தவர்கள் இந்தத் தொல்லையை எதிர்பார்த்து விட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு வயரால் சேர்த்து, ஒன்றை வாசித்து மற்றதை ஒலிக்க வைத்துக் காட்டினார்கள். வேறு வேறு கம்பெனிக் கருவிகளை மேடையில் சேர்க்கும்போது கிரவுண்ட் வளையம் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனவே செய்தியை வாங்கும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் என்ற சில்லு கட்டாயம். உள்ளே ஒரு சிறு விளக்கு, எதிரே ஒளியை உணரும் துண்டு. செய்தி ஒளியாகத் தாண்டும், கரண்ட் தாண்டாது. வயரின் மேலுறைக் கம்பியும் அனுப்பும் பக்கம் மட்டும்தான் கிரவுண்டில் சேரும். யூஎஸ்பியில் இந்த ஏற்பாடு கிடையாது.

ஒரு பக்கம் யூஎஸ்பியும் மறுபக்கம் ஐந்து முள்ளும் கொண்ட கேபிள் வாங்கினோம். மிக மலிவானவற்றில் சிலவற்றில் அந்த ஆப்டோ சில்லே இருக்காது. அப்போது ஐந்து முள்ளுக்கு மாறியும் பலனில்லை. நடுவிலுள்ள சின்ன டப்பாவைத் திறந்து, ஆறு அல்லது எட்டுக் கால் கொண்ட சில்லு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். கேபிளில் 'இன்' என்று எழுதிய முனை கீபோர்டின் 'அவுட்'டில் போக வேண்டும். சில கேபிள்களில் எழுத்து நேர்மாறாக அச்சாகியிருக்கும். செய்தி வராவிட்டால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், எதுவும் எரிந்துவிடாது.

இரைச்சல் அடங்கியது. விலையும் உண்டு: ஐந்து முள் மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தின் செய்தி போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி ஆகும். இரண்டு கையாலும் எட்டு சுரம் சேர்த்து அடித்தால் கடைசிச் சுரம் ஏழெட்டு மில்லி விநாடி பிந்தும். கீர்த்தனை வாசிப்பில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. எனக்கு இரைச்சலைவிட அது மேல்.

கத்தும் கீகள்

கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் இரண்டு தொடர்புப் புள்ளிகள் உண்டு. கீ இறங்கும்போது ஒன்று முதலில் படும், மற்றது சற்றுப் பின். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைத்தான் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகமாக அடித்தார்கள் என்று பொருள், எண் கூடும். முதல் புள்ளியில் அழுக்கு இருந்து அது பிந்திப் பட்டால்? இடைவெளி சுருங்கிப்போகும். பூப்போல் தொட்டாலும் 127.

கீபோர்டை மட்டும் வாசித்தபோது இது ஏன் தெரியவில்லை என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. கோவிலில் அவள் வாசிப்பது ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ். அந்த ஒலிகள் விரல் வேகத்தை அதிகம் பொருட்படுத்தாது. பியானோ அப்படியில்லை. நோய் பழசு, பியானோ ஒலி வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

கெட்ட கீகள் எல்லாம் வலது பக்கம். வலது பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் கடல். கச்சான் காற்றுக் காலத்தில் அந்த ஜன்னலைச் சாத்தாமல் வைத்தால் மேசை மீது விரலால் எழுதலாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். இங்கே பல இரவுகளில் தாண்டும்.

திறந்ததில், பலகையின் வலது கோடியில் வெளுத்த படிவு. இந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். படகில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் பிளக்கையும் வயர்லெஸ் செட் முனைகளையும் வருஷக்கணக்காகத் துடைத்து வந்த கை. "உப்புக் காத்துக்குத் தப்புனது எது தம்பி? நம்ம செல்ஃப் சுவிட்ச் கணக்காத்தான் இதுவும்" என்றார். ரப்பர் பட்டைகளை வரிசை மாறாமல் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு உரித்தோம்.

எல்லோரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. உப்பு அதில் அநேகமாகக் கரையாது. தேய்த்தால் இடம் மாறி உட்காரும். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை இயர் பட்ஸில் லேசாகத் தொட்டு உப்பை எடுக்க வேண்டும். பிறகு ஆல்கஹாலில் ஈரத்தை எடுக்க வேண்டும். படகு வைத்திருக்கிற வீட்டில் பேட்டரித் தண்ணீருக்கா பஞ்சம்? தின்னர், பெட்ரோல், உப்புத்தாள் மூன்றும் கூடாது. கறுப்புக் கார்பன் பூச்சு போய்விடும். மறுநாள் வரை மின்விசிறிக் காற்றில் காயவைத்துத்தான் மூடினோம்.

மறுபடி மிடி-ஆக்ஸ். வலது பக்கத்து எண்கள் இடது பக்கத்தோடு ஒத்துவந்தன, ஒரு கீயைத் தவிர.

கட்டை

இது கோளாறு இல்லை, பழக்கம். அவள் ஒரு கட்டையில், அதாவது ஸி-யில், வாசித்துவிட்டு, குழு இரண்டு கட்டையில் பாடினால் கீபோர்டின் டிரான்ஸ்போஸை (சுருதியை அரைச் சுரம் அரைச் சுரமாக மாற்றும் வசதி) +2 வைத்துவிடுவாள். பதிவிலும் அப்படியே செய்தாள். போதாதென்று ரீப்பரிலும் +2. பாட்டு மூன்று கட்டைக்குப் போய்விட்டது. அதைவிட வேடிக்கை தாளத்தில். ஜெனரல் மிடி என்ற பொது விதியில் 10-ஆம் சேனல் (செய்தி போகும் தடம்) தாளத்துக்கு ஒதுக்கியது. அங்கே எண் சுருதியைக் குறிக்காது, வாத்தியத்தைக் குறிக்கும். 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர். இரண்டு கூட்டினால் பேஸ் டிரம் விழ வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்னேர் விழுகிறது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் எப்போதும் பூஜ்யம், மாற்றம் ரீப்பரில் மட்டும், அதுவும் 10-ஆம் சேனலைத் தொடாமல் என்று ஏற்பாடு செய்துகொண்டாள்.

இப்போதைய நிலை

பஃபர் 256, ஐந்து முள் கேபிள், புது எர்த். வாங்கியது கேபிளும் எர்த் சாமானும்தான், கம்ப்யூட்டர் பழையதே. கீபோர்டு ஜன்னலை விட்டு உள் சுவர் பக்கம் மாறிவிட்டது; வாசிக்காத நேரத்தில் துணி உறை, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றாவிட்டால் இருந்தும் பயனில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் அந்த ஒரு கீ. மேல் ஸ்தாயி ஜி. துடைத்த பிறகும் இடையிடையே 127-க்குத் தாவுகிறது. கார்பன் வில்லையே தேய்ந்திருக்கிறது. அந்த மாடலுக்கு ரப்பர் பட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை, அந்த ஒரு சுரத்தின் வேகம் 90-ஐத் தாண்டாதபடி ரீப்பரில் கட்டி வைத்திருக்கிறது.